உறைவதற்கு இரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தேநீர் அறையில் இருந்தவர்கள்: தொழிற்சாலை மேலாளர் நரேந்திரன், மலேசிய ஈப்போக்காரர், முப்பத்தெட்டு வயது, கழுத்தில் டை. சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக்யலட்சுமி, கோயம்புத்தூர்க்காரி, மடியில் பதிவுப் புத்தகம். முதலாளி கிரஹாம், உட்காரவில்லை, கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி கதவோரம் நின்றார். கலவைத் தொட்டியில் வேலை செய்யும் சோதிலிங்கம், ஐம்பத்தொரு வயது, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மேசையின் நடுவில் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் இரண்டாம் தொட்டியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு கட்டி, உள்ளங்கையளவு, நடுங்கிக்கொண்டிருந்தது. யாராவது மேசையைத் தொட்டால் இன்னும் நடுங்கியது.

கிரஹாம் கேட்டது ஒரே கேள்வி. என்ன நடந்தது? நரேந்திரன் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தொட்டியில் முதலில் அமிலத்தை விட்டு, அதற்குள் நீர்க்கண்ணாடியை, அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசலை, ஊற்ற வேண்டும். இவர் மாற்றிச் செய்துவிட்டார். நீர்க்கண்ணாடிக்குள் அமிலத்தை ஊற்றிவிட்டார். இரண்டாயிரம் லிட்டரும் தொட்டிக்குள்ளேயே உறைந்துவிட்டது. பம்பும் போயிற்று.

"ஆளுக்கு ஆங்கிலம் புரியுமா?" என்று கிரஹாம் கேட்டார்.

"தேவையான அளவு," என்றார் நரேந்திரன்.

கிரஹாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சோதிலிங்கம் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். ஆக்லாந்து வந்த முதல் வருடத்தில் சான்றிதழ்களை உறையில் போட்டு ஏழு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். இரண்டிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு மனுரேவாவுக்குப் பக்கத்திலிருந்த இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். காமிராப் பெட்டியிலும் சப்பாத்துப் பெட்டியிலும் ஒரு சிறு பொட்டலம் கிடக்குமே, சாப்பிடாதே என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, அதற்குள் இருக்கும் மணிகளைச் செய்யும் இடம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். அந்தத் தூசி ஆளையும் உறிஞ்சும். மூன்று வருடத்தில் சோதிலிங்கத்தின் விரல் நுனிகள் வெடித்துப்போயிருந்தன. காலையில் மூக்கைச் சிந்தினால் இரத்தம் வந்தது.

வேலை ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஐதான, தண்ணீர் கலந்த சல்பூரிக் அமிலம் சுழன்றுகொண்டிருக்கும் தொட்டிக்குள் நீர்க்கண்ணாடியை மெல்ல விட வேண்டும். இரண்டும் சேர்ந்து சிலிசிக் அமிலம் உண்டாகும். பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அமிலம் மிஞ்சியிருக்கிற வரைக்கும் அது ஒரு மணி நேரமாவது தண்ணீராகவே நிற்கும். அதற்குள் பம்பில் இழுத்துத் தட்டுகளில் பரப்பிவிட்டால் தட்டிலேயே உறையும். பிறகு வெட்டலாம், கழுவலாம், சூளையில் உலர்த்தலாம். அமிலத்தைக் குறைத்தால் பொறுமையும் குறையும். இதைச் சோதிலிங்கம் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். பரீட்சையில் ஆறு புள்ளிக் கேள்வி.

நரேந்திரன் படித்தது பெயின்ட் கலக்கும் டிப்ளோமா. புதன்கிழமை காலை அவர் தொட்டியருகே வந்து, வெள்ளைப் பலகையில் இருந்த அளவை அழித்துவிட்டுப் புதிய அளவு எழுதினார். அமிலம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. அமிலம் குறைந்தால் கழுவும் நேரம் குறையும், நாளுக்கு ஒரு தொட்டி கூடப் போடலாம் என்று கிரஹாமிடம் சொல்லியிருந்தார்.

"தம்பி, இது சரிவராது," என்று சோதிலிங்கம் அப்போதே சொன்னார். "இவ்வளவு அமிலத்தைக் குறைச்சா ரெண்டு நிமிசத்தில உறைஞ்சுபோம். பம்ப் தொட்டியைக் காலியாக்க எட்டு நிமிசம் வேணும்."

"அண்ணே, இங்க தம்பி கிம்பிலாம் வேணாம் லா. நரேன்னு கூப்பிடுங்க."

"சரி, நரேன். இது உறையும்."

"வகுப்பு எடுக்காதீங்க. போர்டுல என்னா இருக்கோ அத பாத்து செய்யுங்க. அதுக்குத்தான் உங்கள வெச்சிருக்கு."

பெயின்ட் கலப்பவன். வகுப்பில் இருந்திருந்தால் முப்பத்திரண்டு புள்ளி கொடுத்திருப்பேன், அதுவும் கையெழுத்துக்காக, என்று நினைத்துக்கொண்டார் சோதிலிங்கம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பலகையில் இருந்ததைப் பார்த்து, ஒரு லிட்டர் பிசகாமல் செய்தார்.

இப்போது அவர் ஐஸ்கிரீம் டப்பாவை நரேந்திரன் பக்கம் தள்ளினார்.

"இதைப் பாருங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரி நீர்க்கண்ணாடிக்குள்ள அமிலத்தை ஊத்தியிருந்தா, விழுந்த இடத்தில உடனே திரளும். வெள்ளை வெள்ளையாக் கட்டி பிடிக்கும், தயிர் திரைஞ்ச மாதிரி. இதில ஒரு பொட்டு வெள்ளை காட்டுங்கோ பார்ப்பம். தெளிவாக் கிடக்கு, அடியில இருக்கிற எழுத்தைக்கூட வாசிக்கலாம். ஊத்தின ஒழுங்கு சரி. அளவுதான் பிழை. அளவு நீங்கள் எழுதினது."

நரேந்திரன் டப்பாவைப் பார்க்கவில்லை. டை முடிச்சைத் தளர்த்தினார். அவருடைய காதோரம் வியர்த்திருந்தது. ஹில்ஸ்பரோவில் அவர் வீடு வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

"எங்க எழுதினேன்? போர்டுல பழைய அளவு தானே இருக்கு. போய் பாருங்க."

"நேற்றுப் பின்னேரம் ஆரோ அழிச்சு மாத்தி எழுதியிருக்கினம்."

"யாரு? பேயா?"

"புத்தகத்தில இருக்கும். இந்தப் பிள்ளை அமில அளவு பார்த்து எழுதினவ. நான் பக்கத்தில நிண்டனான். பி.எச். அஞ்சு புள்ளி ஆறு. பழைய அளவெண்டா ரெண்டுக்குக் கீழ நிண்டிருக்கும். ரெண்டு இருபதுக்கு."

இருவரும் பாக்யலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் புத்தகத்தைத் திறந்தாள். பக்கங்களைப் புரட்ட அவசியமே இல்லை, வியாழக்கிழமைக்கு நேராக ஏற்கெனவே ஒரு பேனா செருகியிருந்தது. தைத்த நூலுக்குப் பக்கத்தில் கிழித்த தாளின் ஓரம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இரண்டாம் தொட்டி, அளவு எடுக்கலைன்னு இருக்குதுங்க," என்று வாசித்தாள்.

"கேட்டீங்களா அண்ணே?" நரேந்திரன் எழுந்தார். "நான் போய் பேப்பர் எடுத்திட்டு வர்றேன். நீங்க பசியாறலன்னா பிஸ்கட் இருக்கு, சாப்பிடுங்க."

அவர் போன பிறகு சுவரில் இருந்த வெந்நீர்ப் பெட்டி கொதித்து அடங்கியது. சோதிலிங்கம் அந்தக் கிழிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளைச் சுத்தமாகக் கிழிக்கக்கூடத் தெரியாதவள் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள்.

"ஜனவரியில உம்மட விசா முடியுது, அதாலதான் கிழிச்சனீர் எண்டு சொல்லப்போறீர், அப்பிடித்தானே?"

"முடியுதுங்க சார். சொல்லக் கூடாதா?" அவள் புத்தகத்தை மூடினாள். அவள் குரல் கீழே இறங்கவில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் சார் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

"எதை?"

"அடி வால்வு உங்க கைக்குக் கீழதானே இருந்துச்சு? திறந்து விட்டிருந்தா எல்லாம் கழிவுக் குழிக்குப் போயிருக்கும். ஒரு தடவை போட்டது வீண், அவ்வளவுதான். தொட்டி பிழைச்சிருக்கும், பம்பும் பிழைச்சிருக்கும். நீங்க வால்வுல கைய வெச்சுக்கிட்டு வாட்ச்சப் பாத்தீங்க. நான் அளவு எடுத்துக்கிட்டு நிக்கறேன், நீங்க எனக்குக் கேக்கற மாதிரி விநாடி எண்ணறீங்க. சிரிச்சீங்க சார்."

வகுப்பில் சோதிலிங்கத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவனாவது வாதாடினால், சரி, உன் முறைப்படி செய் என்று விட்டுவிடுவார். சோதனைக்குழாய் பொங்கி வழியும். வகுப்பே சிரிக்கும். அவன் பிறகு ஒருநாளும் அந்தப் பிழையைச் செய்யமாட்டான். நேற்றும் அப்படித்தான் நின்றார். இரண்டு நிமிடம் பத்து விநாடியில் தொட்டியைக் கலக்கும் சுழலித் தண்டு முனகியது. தொட்டியின் மேற்பரப்பு ஒரு தடவை அலையடித்து, அப்படியே நின்றது. தான் சொன்னதற்குப் பத்து விநாடிதான் பிசகு. மூன்று வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நரேந்திரன் இரண்டு தாள்களோடு திரும்பி வந்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விரலை ஊன்றிக்கொண்டார்.

"இது விபத்து பாரம். ஊத்துற ஒழுங்க மாத்திட்டேன்னு டைப் பண்ணியிருக்கு. கீழ உங்க சைன். இது நீங்க ரெண்டு மாசமா கேட்டிட்டு இருந்த லெட்டர்."

சோதிலிங்கம் கடிதத்தைத் தலைகீழாகவே வாசித்தார். இவர் எங்கள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியர், நம்பிக்கையானவர். அவருடைய மனைவி யோகராணியும் மகள் சுகந்தினியும் கொழும்பில் ஒரு விடுதி அறையில் இரண்டு வருடமாக இருந்தார்கள். அறைக்கு ஒரு ஜன்னல், அதுவும் குளியலறைப் பக்கம். அவர்களை இங்கே அழைப்பதற்காகத் திங்கட்கிழமை அவர் குடிவரவு அலுவலகத்துக்கு இந்தக் கடிதத்தோடு போக வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவதாகப் போன தடவை அங்கிருந்த பெண் சொல்லியிருந்தாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"நான் செய்யாத பிழைக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"பேனாவால அண்ணே." நரேந்திரன் தன் பேனாவை நீட்டினார். "எனக்கும் இது புடிக்கல லா. நான் என்னா செய்யறது? யாராச்சும் ஒருத்தர் மேல போட்டுத்தான் ஆகணும். என் மேல போட்டுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

வெட்கமில்லாமல் சொன்னார். அந்த வெட்கமின்மையைப் பார்த்துச் சோதிலிங்கத்துக்குக் கோபம்கூட வரவில்லை. மூட்டைப்பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். வெடித்த விரலில் பேனா வழுக்கியது. யாழ்ப்பாணத்தில் மாணவர் தேர்ச்சி அறிக்கைகளில் போட்ட அதே நீளக் கையெழுத்தைப் போட்டார். வேறு கையெழுத்து அவரிடம் இல்லை.

நரேந்திரன் விபத்துப் படிவத்தை எடுத்து, கையெழுத்தை ஒரு தடவை ஊதி, கோப்பில் வைத்தார். கடிதத்தை நீட்டினார். சோதிலிங்கம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"அப்ப நான் தொட்டிக்குப் போறன். இண்டைக்கு ஒண்டாம் தொட்டியில போடலாம்."

"இல்ல அண்ணே." நரேந்திரன் கோப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடுமையான தவறு, பம்ப் நஷ்டம், கிரஹாம் ஒத்துக்க மாட்டாரு. நீங்களே எழுதி சைன் வெச்சிட்டீங்க. இன்னியோட முடிஞ்சுது."

பாக்யலட்சுமி எழுந்து வெளியே போனாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"கடிதத்தில நிரந்தரம் எண்டு கிடக்கே?"

"இன்னிக்கு தேதி போட்டிருக்கேன். இன்னிக்கு வேலையில தானே இருக்கீங்க? அது பொய் இல்ல."

"திங்கக்கிழமை குடிவரவுக்காரர் போன் எடுத்துக் கேட்டா?"

"கேட்டா பொய் சொல்ல முடியாது லா. ஃபைல்ல என்னா இருக்கோ அதைத்தான் சொல்லணும்." அவர் கதவைத் திறந்து பிடித்தார். "பூட்ஸ் கம்பெனி சாமான். அத விட்டுட்டு போங்க."

சோதிலிங்கம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அலமாரியிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். பக்கக் கதவுக்குப் போகிற வழி இரண்டாம் தொட்டியைத் தாண்டித்தான். நரேந்திரன் கூடவே வந்தார்.

தொட்டிக்குள் சியோனே இடுப்பளவு நின்றுகொண்டிருந்தான். தொங்காத் தீவுக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். மண்வெட்டியால் வெட்டி வெட்டி மேலே எறிந்தான். கட்டிகள் கூரை வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு விழுந்தன. கீழே பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக நின்றன. நிரம்பிய கூடைகள் குப்பைத் தொட்டிப் பக்கம் போகவில்லை. உருளைகளில் தள்ளி, நான்காம் கழுவு தொட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

"ஹலோ, டீச்சர்!" என்று சியோனே மண்வெட்டியை உயர்த்தினான். அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சோதிலிங்கம் நின்றார். "இதை எறியேல்லையோ?"

"ஏன் எறியணும்?" நரேந்திரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "கழுவி காய வெச்சா இதுவும் ஜெல் தானே? கொஞ்சம் லைட்டா இருக்கும், வேற கிரேடுல போகும். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பரீட்சையில் அதற்கும் இரண்டு புள்ளி. தேநீர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கட்டியின் நிறத்தை விளக்கியவருக்கு, அந்தக் கட்டியைக் கழுவி விற்பார்கள் என்று ஒரு தடவையும் தோன்றவில்லை.

கழுவு தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. நரேந்திரன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கக் கதவுக்கு வெளியே வெயில் அடித்தது. சோதிலிங்கம் படியில் இறங்கினார். சாப்பாட்டுப் பெட்டி ஒரு கையில், மற்றக் கை சட்டைப் பையின் மேல். பின்னால் இரும்புக் கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, பிறகு இன்னொரு சுற்று.