பத்து நாற்பது பஸ்

கண்டக்டரின் மகளுக்கு மூன்றரை மாதம். வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். பட்டாணி கண் விழித்திருக்கும் நேரத்தில் அவளை அவன் பார்த்தே ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், பெயருக்கு.

பழியைத் தூக்கி யார் தலையிலும் போட முடியாது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவான். டிப்போவில் ஆள் பற்றாக்குறை என்று வார லீவையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனாலும் பீரோ கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒட்டியது அவன் மனைவி. கணக்கு டீச்சர், இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறாள். முதல் இரண்டு மாதம் பட்டாணி பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். மணிக்கொரு தரம் பால். ஒருநாள் டீச்சர் தூக்கக் கலக்கத்தில் முகத்துக் க்ரீமைப் பிதுக்கிப் பல் விளக்கிவிட்டாள். தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் வழி சொன்னாள். பசிக்கிறது, கொட்டாவி விடுகிறது எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், அவளுக்கென்று ஒரு கணக்கு இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். கணக்கு என்று சொன்னால் டீச்சர் விடுவாளா? பால், தூக்க நேரமெல்லாம் காகிதத்தில் ஏறி பீரோவுக்குப் போயின, பதினைந்தே நாளில் பட்டாணி வழிக்கு வந்தாள். இரவு ஏழுக்குத் தூக்கம். இரவுப் பாலுக்கு விளக்குப் போடக் கூடாது, பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது.

"கொஞ்சக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று அவன் கேட்டுப் பார்த்தான்.

"நம்ம வீட்டுச் சட்டத்துல. நீங்க பாட்டுக்குக் கொஞ்சிட்டு வேலைக்குப் போயிடுவீங்க. அப்புறம் விடிய விடிய விளையாடுறவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறது யாரு?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை, அதனால் எரிச்சல்தான் கூடியது. டீச்சர் பட்டாணியின் சிரிப்பைப் படம் எடுத்து அனுப்புவாள். அந்தச் சிரிப்பெல்லாம் படம் எடுத்தவளுக்கானது. தனக்கென்று ஒரே ஒரு சிரிப்பு வேண்டும் என்று அவன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே காகிதத்தைப் பார்த்தான். பத்து மணி பால். பதினொன்றரை தூக்கம். நடுவில் விளையாட்டு. அவனுடைய மூன்றாவது டிரிப் பத்து நாற்பதுக்கு மருந்துக்கடை ஸ்டாப்பைத் தொடும். மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளித்தான். அந்த நேரத்துக்குப் பட்டாணியை அங்கே தூக்கிவரச் சொன்னான்.

டீச்சர் வெயில் என்றாள், தூசி என்றாள். கடைசியில், "சரி, பத்தே நிமிஷம்தான்" என்று இறங்கி வந்தாள்.

முதல் நாள் பட்டாணி அம்மா தோளிலேயே தூங்கிப் போயிருந்தாள். இரண்டாம் நாள் பஸ் அரை மணி தாமதம். மூன்றாம் நாள் படிக்கட்டில் அப்படியொரு கூட்டம், ஒரு குட்டித் தொப்பி மட்டும் தெரிந்தது. நாலாம் நாள்தான் இரண்டு கண்களும் முழுசாக அவனைப் பார்த்தன. அவன் முன்படியில் குனிந்து, வாயில் இருந்த விசிலை மெதுவாக ஊதினான். பட்டாணி யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது.

எட்டாம் நாள் சிரித்தாள். பல்லில்லாத வாய் முழுவதும் சிரிப்பு. கண்டக்டர் அடுத்த மூன்று ஸ்டாப்புக்கு யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

"ஏம்ப்பா, இன்னிக்கு பஸ் ஓசியா?" என்று டிரைவர் கத்தினார்.

"பாப்பா சிரிச்சுட்டாண்ணே!"

"அதுக்கு? எனக்கென்ன, கணக்கு கேட்டா நீதான் பதில் சொல்லணும்." ஆனால் மறுநாளிலிருந்து அந்த ஸ்டாப்பில் பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவர் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பயணிகளும், "பாப்பா வந்தாச்சா?" என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தினமும் சிரிப்பு. கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் ஒரு வழியாக லீவு கிடைத்தது. காலையில் குளித்து, வெள்ளை டீ-ஷர்ட் மாட்டிக்கொண்டு, விழித்த மகளை வாரி எடுத்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காதவனை அவன் பார்ப்பானே, அப்படி. பிறகு கீழுதடு பிதுங்கியது, அழுகை வந்தது. விளையாட்டுக் காட்டினான், பாடினான். மூக்கைத் திருகிக்கூடக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

"பழக்கமில்லாத இடத்துல பார்க்கிறா இல்ல, அதான்" என்றாள் டீச்சர். "ஸ்டாப்புக்குப் போவோம். அங்கன்னா சிரிப்பா."

பட்டாணியை வெளிப்பக்கம் பார்க்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஸ்டாப்பில் நின்றான். பத்து நாற்பதுக்கு பஸ் வந்தது. அவனுக்குப் பதிலாக வந்தவன் முன்படியில் நின்றான். அதே நீல யூனிஃபார்ம், அதே தோல் பை. டிரைவர் சொல்லி வைத்திருப்பார் போல, அவன் குனிந்து விசிலை மெதுவாக ஊதினான்.

பட்டாணி துள்ளினாள். இரண்டு குதிகாலும் அப்பாவின் வயிற்றில் மாறி மாறி உதைத்தன. அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. படியில் நின்றவனின் முகம்தான் தெரிந்தது. அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"சார், என்னைப் பார்த்து எப்படிச் சிரிக்குது பாருங்க!"

பஸ் போய்விட்டது. கண்டக்டர் அங்கேயே நின்றான்.

"பஸ்ஸைப் பார்த்துச் சிரிச்சிருப்பா" என்றாள் டீச்சர். பொய் சொல்ல அவளுக்கு வராது, குரல் காட்டிக்கொடுத்தது.

இரண்டு தெருவும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் அவள், "நாளையிலேருந்து நான் வர வேணாம்னா வரல" என்றாள்.

அவன் மகளின் தொப்பியைச் சரிசெய்தான். கண் கலங்கியிருந்ததை மறைக்கவில்லை.

"வராம? நீ பத்தரைக்கே வந்து நில்லு. அவ யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்துதான் சிரிக்கிறான்னா சிரிச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு அந்தச் சட்டைக்குள்ள நான்தானே இருப்பேன்."