நெல்லோடு படுத்த மாப்பிள்ளை

எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவர் திரும்பத் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் நிந்தவூர் முழுக்க ஒரே கதைதான்: பெண்ணில் ஏதோ பிழை. அதனால் என் மாப்பிள்ளை பஹ்மியின் முதுகில் தடிப்பு எழும்பியபோது சொறிந்தது அவர், பயந்தது நான்.

அவருக்குக் கல்முனையில் ஃபோன் கடை. தினமும் படுத்தெழும்பினால் முதுகு முழுக்கச் சிவப்புத் தடிப்புகள். மத்தியானம் வற்றும், மறுநாள் புதிதாக வரும். அதே மெத்தையில் பக்கத்தில் படுக்கும் எனக்கோ ஒன்றுமில்லை. அப்படியென்றால் கோளாறு மாப்பிள்ளையின் இரத்தத்தில்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

உம்மா முதலில் இறாலை நிறுத்தினார். பிறகு கணவாயை, பிறகு கத்தரிக்காயை. கடைசியில் புது மாப்பிள்ளை வெறும் சோறும் பருப்பும் தின்றார். தடிப்பு மட்டும் குறைவில்லாமல் வந்தது. வாப்பா தன் பங்குக்கு மெத்தையைச் சந்தேகப்பட்டு வெளியே போட்டார். அடுத்து கட்டில் போனது. நுளம்பு வலை, திரைச்சீலை, என் கலியாண அலுமாரி எல்லாம் முற்றத்துக்குப் போயின. கண்ணூறு என்று யாரோ சொல்ல, லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டும் மனிதர் சொறிந்தார்.

இப்போது அறையில் மிச்சம் ஒரு பாய், நாங்கள் இருவர், சுவரோடு கூரை முட்ட அடுக்கிய நெல் மூடைகள். சாகாமத்து வட்டையில், எங்கள் வயலில் வெட்டிய நெல். விலை ஏறட்டும் என்று வாப்பா அதை எங்கள் அறையில் வைத்திருந்தார். அதன்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பஹ்மியின் உம்மா, றபீக்கா மாமி, ஃபோன் எடுத்தார். “நாளைக்கு ஓட்டோவோட வாறன். என்ட புள்ளய நான் கூட்டிப் போறன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மூளை வேலை செய்தது. புது மாப்பிள்ளையல்லவா, எப்போதும் என்னைப் பார்த்தபடிதான் படுப்பார். முதுகு மூடைப் பக்கம் இருக்கும்.

“இண்டைக்கு மத்தப் பக்கம் திரும்பிப் படுங்க,” என்றேன்.

“ஏன் புள்ள, கோவமா?”

“கோவமில்ல, ஆராய்ச்சி.”

விடிந்தபோது முதுகு சுத்தம். நெஞ்சும் வயிறும் தடித்திருந்தன. சந்தோஷத்தில் நான் கத்திவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

டொக்டரிடம் வாப்பாவும் வந்தார். “நெல்லுல கண்ணுக்குத் தெரியாத உண்ணி இரிக்கும். சில பேருக்கு ஒத்துக்காது. மூடைகள வெளியேத்துங்க, சரியாகும்,” என்றார் டொக்டர்.

“நெல்லு கடிக்கிறயா? நாமதானே டொக்டர் நெல்லக் கடிச்சிக்கிட்டு வாறம்,” என்றார் வாப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நெல்லுக்குக் குடுக்க மருந்து ஏதும் இரிக்கா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஓட்டோ. உள்ளே மாமி, இறங்க மாட்டேன் என்று இருக்கிறார். பஹ்மி தன் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டார்.

“வாப்பா, மருமகனா நெல்லா? இப்ப சொல்லுங்க!” என்றேன்.

வாப்பா ஒரு மூடையில் கைவைத்தபடி நின்றார். “ரெண்டும் ஒண்டாத்தானே புள்ள வீட்டுக்கு வந்த,” என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நெல் வாங்கும் புறோக்கருக்கு ஃபோன் எடுத்தார். “லொறிய அனுப்புங்க. எல்லாத்தையும் குடுக்கிறன்.”

“இந்தா வந்துட்டன் காக்கா! வேற ஆருக்கும் சொல்லிராதீங்க!” புறோக்கரின் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

பஹ்மி வாசற்படியில் நின்றுவிட்டார். யாவாரியின் காது அது.

“மாமா, அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுறார்?”

“விலை ஏறப் போகுது போல மகன்.”

“அப்ப ஏன் இப்ப விக்கிற?”

“உங்கட ஒடம்பு?”

“ஒடம்பு கெடக்கட்டும் மாமா. ஏறட்டும்.” பையைக் கீழே வைத்தார்.

வாப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த கையாலேயே, அன்றைக்குத் தடிப்பில்லாத முதுகைச் சொறிந்தும் விட்டார். இருவரும் அறைக்குள் போய், மூடைகளைத் தட்டித் தட்டி, எந்த மாதம் விற்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். இந்த மனிதர் போய்விடுவாரோ என்று நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். இனி அவர் போகமாட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நெஞ்சு எரிந்தது.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போய் ஓட்டோவில் மாமிக்குப் பக்கத்தில் ஏறி இருந்தேன்.

“நீ எங்க புள்ள?” மாமி பதறினார்.

“உங்கட வீட்டுக்கு.”

“ஊர்ல பொம்புள அப்படி வாறயா? சனம் என்ன கதைக்கும்?”

“மாமி, உங்கட வீட்டுல நெல்லு இரிக்கா?”

“இல்ல.”

“அப்ப ஓட்டோவ எடுக்கச் சொல்லுங்க.”