ஏழு பூட்டு வீட்டுக்குப் பத்துக்கு மூன்று

"கதாயெஃப் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத," என்றான் ஹாஸிம், இரண்டாவது மாடிப் படியில் நின்றுகொண்டு. "அப்பா இனிப்பு சாப்பிட்டா இளகிடுவார். அப்புறம் நானே பக்குவமா சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"பத்து நாளா ஃபேஸ்புக்ல கிழிச்சுத் தொங்கவிடறீங்களே, அந்த டைரக்டர் இவதான்னு."

என் இரண்டு கையிலும் கொனாஃபா இனிப்புத் தட்டு இருந்தது. அதனால் அவன் பிழைத்தான்.

'ஏழு பூட்டு வீடு' என்று ஒரு வானொலித் தொடர். எழுபத்தெட்டாம் வருட ரமலானில் முப்பது மாலையும், நோன்பு திறக்கும் பீரங்கியும் பாங்கும் முடிந்த கையோடு வந்தது. பூட்டுக்காரன் மகள் துர்ரா ஒரு பாழடைந்த மாளிகையின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் கதை. இந்த ரமலானுக்கு எங்கள் கம்பெனி அதைப் புதிதாகச் செய்து கொடுக்க, அதே நேரத்தில் ஒலிபரப்பாகிறது. இயக்கியது நான்.

பழைய தொடரின் ரசிகர்களுக்கு நாற்பதாயிரம் பேர் கொண்ட ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 'பூட்டு திறப்பவன்' என்ற பெயரில் ஒருவர் தினமும் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார். பழையதற்கு எப்போதும் ஒன்பதரை. நாலாம் பாகத்தில் கழுதை கொஞ்சம் தாமதமாகக் கத்தியதாம், அதற்கு அரை மதிப்பெண் குறைவு. எனக்கு மூன்றுக்கு மேல் வந்ததில்லை. "இவர்கள் பேசுகிறார்களா, தந்தி அடிக்கிறார்களா?" என்று நேற்று எழுதியிருந்தார். அந்த மனிதர்தான் ஹாஸிமின் அப்பா என்பதை, டாக்ஸியிலிருந்து இறங்கி ஷுப்ரா தெருவில் கால் வைத்த பிறகுதான் எனக்குச் சொன்னான்.

அவர் சரி என்றால் ஈதுக்கு அடுத்த வியாழக்கிழமை எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்து ஃபாத்திஹா ஓத எங்கள் வீட்டுக்கு வருவார்கள். என் அப்பா அதற்குள் நாற்காலிகளுக்குப் புது உறையே போட்டுவிட்டார்.

"என்ன சொல்லி வச்சிருக்க, என்னைப் பத்தி?"

"சவுண்ட் வேலைன்னு. அவர் கல்யாண வீட்டு மைக் செட்டுன்னு நினைச்சுக்கிட்டார். நான் திருத்தலை."

கதவைத் திறந்த இன்ஷிராஹ் ஆன்ட்டி என்னை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தட்டை வாங்கி, "இவ்வளவு ஒல்லியா இருக்கியே கண்ணு, உன்னை வச்சு வேலை வாங்கறாங்களா, பட்டினி போடறாங்களா?" என்றார். பஹ்கத் அங்கிள் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். மேசைத் தலைப்பில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதுக்கு மேல் ஒரு பென்சில். முன்னால் கட்டம் போட்ட நோட்டு. இடது பக்கம் 'பழையது', வலது பக்கம் 'புதியது'.

"வாம்மா. மைக் செட் எப்படிப் போகுது?"

"நல்லா போகுது அங்கிள்."

"நல்ல தொழில்தான். சத்தத்தை மட்டும் குறைச்சு வைங்க."

ஹாஸிமின் அக்கா ரபாபும் அவளுடைய இரண்டு பெண்களும் வந்து சேர, பீரங்கி முழங்கியது. பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், தண்ணீர், ஆளுக்கொரு தம்ளர் கமருத்தீன் என்ற ஆப்ரிகாட் சாறு. அடுத்த நொடி பதினைந்து பேரின் இரைச்சலுக்கு ஏழு பேரே போதும் என்று அந்த வீடு காட்டியது. சூப்புக் கிண்ணங்கள் மோதின. மொலோகியாக் கீரைக் குழம்பு கைமாறியது. நடுவில் என் தொடரின் இசை தொடங்கியது.

"இயக்கம்..." என்றது வானொலி.

"கரண்டி எங்கே?" என்று கத்தினார் ஆன்ட்டி. என் பெயர் அதோடு போயிற்று. பத்து நாளாக என்னைக் கிழிப்பவருக்கு என் பெயர் ஏன் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று பத்தாம் பாகம். துர்ரா மூன்றாவது சாவி தன்னிடமே இருந்ததை அப்பாவிடம் ஒப்புக்கொள்ளும் இடம். அந்த ஒரு வரியைப் பதினொரு முறை பதிவு செய்தோம். நடிகை முழுக் குரலில் சொன்னாள், அழுது சொன்னாள், கடைசியில் மூச்சுக்காற்றாகச் சொன்னாள். அதைத்தான் வைத்தேன். அந்த வரி வருவதற்காகக் கரண்டியைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.

"வாத்துத் தொடை யாருக்கு?"

"எனக்கு!" என்றன இரண்டு குழந்தைகளும்.

"போன தடவையும் நீதானே தின்ன!"

முடிவு இசையே வந்துவிட்டது. வரி வந்து போயிருந்தது. இயக்கிய, பதிந்த, வெட்டி ஒட்டிய எனக்கே கேட்கவில்லை.

"பார்த்தீங்களா?" பஹ்கத் அங்கிள் பென்சிலை எடுத்தார். "இப்ப அந்தப் பொண்ணு ஏன் மூச்சு வாங்கினான்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

"பசியா இருக்கும்," என்றாள் ரபாப்.

"ரெண்டரை," என்று எழுதினார் அங்கிள். "அம்மா நிஹால், நீ சத்தத் தொழில்ல இருக்கறவ. இப்ப அசல் எப்படி இருந்ததுன்னு கேளு." அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்து வீட்டில் பதிந்தது. அதிலும் கரண்டிச் சத்தம், யாரோ ரொட்டி கேட்கும் சத்தம். இங்கே மேசையிலும் வாத்துச் சண்டை ஓயவில்லை.

"சாவி என்கிட்டதான் இருந்தது அப்பா," என்றாள் பழைய துர்ரா.

"என்ன? சாவி உன்கிட்டயா இருந்தது?"

"ஆமா, என்கிட்டதான். இத்தனை நாளும் என்கிட்டதான்."

"ஐயோ, இவகிட்டதான் சாவி இருந்திருக்கு!" என்றாள் கதையில் வரும் பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டு வீட்டுக் கரண்டிகளையும் தாண்டி, எல்லோருக்கும் கேட்டது. சின்னக் குழந்தை வாத்துத் தொடையைக் கீழே வைத்துவிட்டு, "சாவி அவகிட்டயா இருந்துச்சு?" என்றது.

ஸ்டூடியோவில் சுத்தமான நாடாவை ஹெட்ஃபோனில், பட்டப்பகலில், தனியாகக் கேட்டவள் நான். எங்கள் வீட்டில் நோன்பு திறந்ததும் டி.வி.தான். ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டு, திரும்பச் சொன்னதையெல்லாம் வெட்டினேன். பதினைந்து நிமிடம் பத்து நிமிடம் ஆனபோது எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். சாப்பிடுகிறவர்களுக்காக எழுதிய தொடர் அது. எனக்கு உறைக்கவே இல்லை.

"அடடா, வெட்டியிருக்கவே கூடாது," என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கதாயெஃப் இன்னும் எண்ணெயில் இருந்தது. ஹாஸிம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எதை வெட்டினே?" என்றார் அங்கிள்.

"உங்க வலது பக்கக் கட்டம் அங்கிள். அது என்னுடையது. நான்தான் டைரக்ட் பண்ணினேன்."

மேசையில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. அங்கிள் வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மெல்ல மூடி, அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"தந்தி அடிக்கறது வரைக்கும்."

"அப்பவே சொன்னேன், மனுஷங்க மனசு நோக எழுதாதீங்கன்னு," என்றார் ஆன்ட்டி.

"நீ எப்பச் சொன்னே? நீ அதுக்கு லைக் போட்டே!"

"அங்கிள், ரெண்டரை சரிதான்," என்றேன். "ஆனா ஒரே ஒரு தடவை இதுல கேளுங்க. அப்புறம் நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி." கைப்பையிலிருந்து என் ஹெட்ஃபோனை எடுத்து, ஃபோனில் பத்தாம் பாகத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நான் அதற்குள் மேசைக்கு வந்திருந்த ஒரு கதாயெஃபை எடுத்து வைத்துக்கொண்டு கடிக்காமலே இருந்தேன்.

"அவர் காலாட்டலைன்னா நல்லது," என்று கிசுகிசுத்தாள் ரபாப். "ஆட்டினா போச்சு."

"ஆட்டறாரா?"

"தெரியல. செடி மறைக்குது."

பத்து நிமிடம் கழித்து வந்தவர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பால்கனியில ஒரே தூசி," என்றார். நோட்டைத் திறந்து எழுதினார். "தனியா கேட்டா ஒன்பது. மேசையில கேட்டா ரெண்டரைதான், அதை மாத்த மாட்டேன். அந்த மூச்சுக்காத்துல சொல்றா பாரு... பழையதுல அது இல்லை. அதை எடுத்துடாத. ஆனா அவ சொன்னதும் அப்பன் ஒரு தடவை கேக்கணும். இன்னும் எத்தனை பாகம் வரல?"

"இருபது. அப்பன் கேக்கறதெல்லாம் பதிஞ்சுதான் இருக்கு, வெட்டினதைத் திரும்ப ஒட்டணும். நாளைக்கே உட்காரறேன். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்துடறேன்."

"கழுதை?"

"சரியான நேரத்துல கத்தும் அங்கிள்."

அவர் ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கழுத்திலேயே மாட்டியிருந்தார். ஆன்ட்டி சமையலறையில் குழாயைத் திறந்து பாத்திரங்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ஹாஸிம் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, அந்த வியாழக்கிழமை விஷயம்..."

"போறோம்," என்றார் அங்கிள்.

"என்ன சொன்னார்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வியாழக்கிழமை போறோமாம்!" என்று கத்தினாள் ரபாப்.

"போறோமா? இவங்க வீட்டுக்கா?"

"ஆமாடி, இவங்க வீட்டுக்குத்தான்!" என்றார் அங்கிள். குழாய்ச் சத்தத்தையும் தாண்டி, கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். "இவங்க வீட்டுக்குத்தான் போறோம்!"