துத்தநாகத்தை உருவிய கை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கரைசல் கலப்பது அக்காதான். கூடப் பிறந்தவள் இல்லை. எனக்கு முன்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். தன் சாப்பாட்டில் பாதியை என் டப்பாவில் தள்ளுவாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நானும் அவளும் ஒரே புரதக் குடும்பத்தில் ஆளுக்கொன்றை எடுத்திருந்தோம். இந்தப் புரதங்களுக்கு விரல்கள் உண்டு. ஒவ்வொரு விரலும் நடுவில் ஒரு துத்தநாக அணு இருப்பதால்தான் மடங்கி நிற்கும். மடங்கிய விரல்கள் டிஎன்ஏயின் பள்ளத்தில் இறங்கி, வேண்டிய எழுத்துகளைத் தேடிப் பற்றிக்கொள்ளும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பது அந்தப் பிடியில் இருக்கிறது. துத்தநாகம் போனால் விரல் துவண்டுவிடும். யார் புரதம் முதலில் பற்றுகிறதோ, மொத்தக் குடும்பத்தின் ஆராய்ச்சியும் அவருக்கே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அவளுடையது பற்றியது. என்னுடையது பற்றவே இல்லை.

ஈடிடிஏ என்றொரு பொருள் உலோகத்தைக் கவ்வி உருவிவிடும். மற்ற புரதங்களுக்கு அது காவல், எங்களுக்கு எமன். அதனால் முதலிலேயே கேட்டிருந்தேன்.

"அக்கா, கரைசல்ல ஈடிடிஏ இல்லையே?"

"என் கையால கலந்ததுடி. கண்ணை மூடிட்டு ஊத்து."

ஊற்றினேன், மடச்சி.

குடும்பம் அவளுக்குப் போன பிறகு ஒருநாள் பொதுக் கரைசல் பாட்டில் காலி. குளிர்பெட்டியின் பின்வரிசையில் அவள் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த பாட்டில் கிடைத்தது. அதை ஊற்றினேன். என் புரதம் டிஎன்ஏயைக் கெட்டியாகப் பற்றியது. அப்படியானால் பொதுப் பாட்டிலில் ஈடிடிஏ இருந்திருக்கிறது. கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் சோறு போட்டுக்கொண்டே பறித்திருக்கிறாள்.

"கேட்டேனே அக்கா?"

"எனக்கு இதுதான்டி கடைசி வாய்ப்பு." தலையை நிமிர்த்தவே இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்; பொதுக் கரைசலை மட்டும் என் பொறுப்பில் விட்டார். அடுத்த வாரம் அக்கா காலிப் பாட்டிலோடு வந்தாள். நிரப்பிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல எதுவும் போடலையே?"

"என் கையால கலந்ததுக்கா. கண்ணை மூடிட்டு ஊத்து."

அவள் அதை அப்படியே கழுவுதொட்டியில் கொட்டினாள். நல்ல கரைசல் அது.