திருவிருந்துக்கு முந்தின நாள்

"இன்னிக்கே போய்ச் சொல்லிடறேன்..."

"சொல்லு, நல்லாச் சொல்லு. சொல்லிட்டு..."

"நீங்க என்ன சொன்னாலும் சரி, பெர்கித் அக்கா வீட்டுக்குப் போய்..."

"...சொல்லிட்டு, நாளைக்குப் பாதிரியார் முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது? நிலத்தையும் விட்டுட்டு, மானத்தையும் விட்டுட்டா?"

"பொய்யை விட்டுட்டு நிக்கலாமே!"

"மெதுவாப் பேசு. காத்து அவங்க வீட்டுப் பக்கமாத்தான் அடிக்குது."

ஒரு பலகைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று நடந்த சண்டை இது. அந்தப் பக்கம் ஆஸ்லாக், முகமெல்லாம் சோப்பு நுரை, கையில் சவரக்கத்தி. இந்தப் பக்கம் சிக்ரி, மறுநாள் கல்யாணத்துக்கான தட்டை ரொட்டியை அடுப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள். சுவர் நின்ற கோடுதான் இருவர் நிலத்துக்கும் எல்லை. புல்மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிய வீடு அவன் நிலத்தில் இருந்தது. அதன் முதுகோடு ஒட்டிய சின்ன அறை அவள் நிலத்தில். நாளைக்குப் பாதிரியார் வந்து, ஆராதனை நடத்தி, திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுத்து, இவர்கள் இருவரையும் சேர்த்து வைத்தபின் பலகைகளைப் பிடுங்கிவிடுவது என்று ஏற்பாடு. அதுவரை வாசலும் இரண்டு, படுக்கையும் இரண்டு. காப்பி குடிக்கப் போனாலும் சிக்ரி வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், அவன் கதவைத் தட்டுவாள். அமெரிக்காவில், டகோட்டாவின் அந்த மூலையில் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் அடுத்த வீடு புல்லுக்குள் ஒரு புகைக்கோடு, அவ்வளவுதான். ஆனாலும் யார் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவர்கள் சந்தித்ததே செய்தித்தாள் விளம்பரத்தில். 'கர்த்தருக்குப் பயந்த, மாடு கறக்கத் தெரிந்த, தனிமைக்கு அஞ்சாத பெண் தேவை' என்று ஆஸ்லாக் போட்டிருந்தான். நார்வேயில், ஹாலிங்தால் பள்ளத்தாக்கில், ஊரார் மாடுகளைக் கறந்து வயிறு வளர்த்தவள் சிக்ரி. முதல் இரண்டும் எல்லோரும் கேட்பதுதான். மூன்றாவதை ஒருவன் வாய்விட்டுக் கேட்கிறானே என்றுதான் பதில் போட்டாள். ஒரு வருஷம் போல எழுதிக்கொண்டார்கள். பிறகு கப்பல் சீட்டு வந்தது. காகிதத்தில் அத்தனை பேசியவன் ரயிலடியில் தொப்பியைத் திருகிக்கொண்டு ஊமையாய் நின்றான்.

"நீங்கதான் ஆஸ்லாக்குன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத் தேடணும்" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப் போயிற்று. இத்தனைக்கும் பிறகு இன்றும் பிடித்துத்தான் இருந்தது, அதுதான் தொல்லை.

பாதிரியார் ஊர் ஊராகச் சுற்றுகிறவர், நினைத்தபோது கிடைக்கமாட்டார். அவர் வரும்வரை கல்யாணமாகாத பெண்ணை எங்கே வைப்பது? விதவை பெர்கித்தான், "என் வீட்ல இருக்கட்டும், ரெண்டு பிள்ளைங்களோட மூணாவது பிள்ளை" என்று அழைத்துப் போனாள். தன் படுக்கையில் பாதியைக் கொடுத்தாள். தடியின் இரு முனையிலும் வாளி மாட்டி, தோளில் வைத்து, வெகுதூரம் நடந்து தண்ணீர் கொண்டுவரவும் அவள்தான் கற்றுக் கொடுத்தாள். அந்த வட்டாரத்துக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும். இனிப்பான ஊற்று ஒன்றே ஒன்று. அது ஆஸ்லாக்கின் நிலத்தை ஒட்டி, யார் பெயரிலும் எழுதப்படாத துண்டில் இருந்தது.

ஒரு நாள் வாளியை இறக்கி வைத்துவிட்டு பெர்கித் சொன்னாள்: "கிழக்கே வேலைக்குப் போயிருக்கிற என் கொழுந்தன் குனுத் வரட்டும். பிள்ளைங்களை அவன்கிட்ட விட்டுட்டுப் பட்டணம் போய் இந்த ஊத்து நிலத்தை என் பேர்ல எழுதிடுவேன். அவனுக்கும் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். மூச்சு விட்டுடாதே, பொண்ணே."

சிக்ரி மூச்சு விட்டாள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்லாக்கோடு புல்வெளியில் நடந்தபோது, "அக்கா எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா?" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். மறுநாள் விடியும்போதே வண்டி வாசலில் நின்றது. கல்யாணத் துணி எடுக்கப் பட்டணம் போகிறோம் என்றான்.

துணிக்கடைக்கு முன்னால் நில அலுவலகத்தில் வண்டி நின்றது. முதலில் எழுதிக்கொடுப்பவருக்கு நிலம். ஆணுக்குண்டு, விதவைக்குண்டு, கல்யாணமாகாத பெண்ணுக்கும் உண்டு, மனைவிக்கு மட்டும் கிடையாது. ஆளுக்கு ஒரு பங்குதான்; தன்னுடையதை ஆஸ்லாக் எப்போதோ வாங்கிவிட்டான். குமாஸ்தா சுவரில் இருந்த வரைபடத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். "உனக்காகத்தான் எடுக்கிறியான்னு கேக்கிறாரு. கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணு" என்றான் ஆஸ்லாக்.

அந்தக் கட்டத்துக்குள் ஒரு நீலக் கோடு வளைந்து போனது. சிக்ரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுக்க நேரமிருந்தது. ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது பெர்கித்தின் தோள் அல்ல, தன் தோள். வாசலிலேயே ஊற்று, இனி நடக்க வேண்டாம். கையைத் தூக்கினாள். எழுதிய நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் பெர்கித் வீட்டைவிட்டு இந்தச் சின்ன அறைக்கு வந்தாள். ஆகையால், அவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லை.

இப்போது, கல்யாணத்துக்கு முந்தின நாள், பலகைக்கு அப்பாலிருந்து குரல் தணிந்து வந்தது.

"இங்க பாரு சிக்ரி. திருவிருந்துக்கு முன்னாடி வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேக்கிறது நம்ம வழக்கம்தானே? நீயும் போ. எல்லாரும் சொல்ற மாதிரி, 'தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லு. அவங்களும் 'தேவன் நம்ம எல்லாரையும் மன்னிக்கட்டும்'பாங்க. முடிஞ்சுது. அதுக்குள்ளே இதுவும் அடங்கிடும்."

"அடங்குமா?"

"அந்த வார்த்தை எதுக்கு இருக்கு பின்னே? ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லணும்னா இந்த ஊர்ல ஒருத்தனும் கர்த்தரோட பந்திக்கு வரமாட்டான். வருஷக்கணக்கா உப்புத் தண்ணியில காப்பி போட்டுக் குடிச்சவன் நான். உனக்காகத்தான் செஞ்சேன். வேற யாருக்காக?"

ரொட்டி ஒன்று கருகியது. சிக்ரி அதை எடுத்துத் தனியே வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சால்வையை எடுத்தாள். தெரிந்தோ தெரியாமலோ, தெரிந்தோ தெரியாமலோ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது, நாக்கில் தட்டவேயில்லை.

கதவைத் திறந்தால் பெர்கித் நிற்கிறாள்.

"எங்கே கிளம்பிட்டே, கல்யாணப் பொண்ணு? நான் முந்திக்கிட்டேன் பாத்தியா!"

"அக்கா... உங்க வீட்டுக்குத்தான்..."

"உக்காரு. நீ என்ன கேக்கப் போறே எங்கிட்ட, என் கோழியை விரட்டினேன்னா? முதல்ல நான் கேக்கிறேன். பெரிய பாவம் என்னுதுதான்." பெர்கித் முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள். "நீ இந்த நிலத்தை எழுதினேன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு, 'அவ ஊத்து வத்திப் போகட்டும்'னு சபிச்சேன். ஒரு நாள் இல்லே, வாளி தூக்கின நாளெல்லாம். என் சின்னவன் அதைப் பாட்டா ஆக்கிட்டான், தெரியுமா? மாட்டை ஓட்டிக்கிட்டு, 'வத்திப் போகட்டும், வத்திப் போகட்டும்'னு பாடறான். வெக்கத்துல செத்துட்டேன். நீ பாவம், கடல் தாண்டி வந்தவ, உன்னைக் கட்டிக்கப் போறவன் கைகாட்டின இடத்துல கையெழுத்துப் போட்டே. உனக்கென்ன தெரியும்? என்னை மன்னிச்சிடு, சிக்ரி."

மன்னிப்புக் கேட்டால் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் கேட்டவருக்குத்தான் அவமானம்.

பலகைக்கு அப்பாலிருந்து ஆஸ்லாக், "பெர்கித் அக்கா, சுத்தி வாங்க, சூடாக் காப்பி இருக்கு!" என்று கத்தினான்.

"இருப்பா தம்பி, பொம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம். நீ காதைப் பலகையில வெச்சுக்கிட்டுச் சிரைக்காதே, அறுத்துக்கப் போறே." பெர்கித் சிரித்தாள். உடனே முகம் மாறியது. "நாளைக்கு நான் ஆராதனைக்கு வருவேன், கல்யாணத்துக்கு இருப்பேன். திருவிருந்துப் பந்திக்கு மட்டும் வரமாட்டேன். வித்தியாசமா நினைச்சுக்காதே."

"ஏன் அக்கா?"

"மனசுல பகையோட போய் அப்பத்தைத் தொடலாமா? குனுத்தை என்னால மன்னிக்க முடியலே. ரயில் பாதை வேலையில யார்கிட்டயோ உளறியிருக்கான். அது சுத்திச் சுத்தி உன் ஆள் காதுக்கு வந்திருக்கு. வேற யாரு? பைபிளைத் தொட்டு இல்லேங்கிறான். அந்தக் கையை இடுக்கியால அடிச்சேன். உழவுக்கு வந்தவனை வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். என் புருஷனோட கூடப் பிறந்தவன்! பிள்ளைங்க சித்தப்பா எங்கேன்னு கேட்டா வாயை மூடுங்கறேன்."

"அக்கா."

"முடியலேம்மா. பாதிரியார்கிட்ட நேரா சொல்லிடப் போறேன், இந்தத் தடவை எனக்கு வேண்டாம்னு."

"அக்கா, குனுத் சொல்லலே. நான் சொன்னேன்."

பலகைக்கு அப்பால் ஏதோ கீழே விழுந்தது.

"நான்தான். நீங்க சொன்ன அடுத்த ஞாயித்துக்கிழமையே. உங்களைப் பெருமையாப் பேசறேன்னு நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மறுநாள் அந்தப் படத்துல ஊத்தைப் பாத்தேன், இது உங்களுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையைத் தூக்கினேன். யாரும் என் கையைப் பிடிச்சுத் தூக்கலே."

வெளியே ஓடி வரும் காலடி கேட்டது. பாதி முகம் நுரையோடு ஆஸ்லாக் வாசலில் நின்றான். "அக்கா, வண்டி கட்டினது நான். அவளுக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

பெர்கித் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப குனுத்..." என்றாள் மெல்ல. "அவன் வாயே திறக்கலையா?"

"இல்லே அக்கா." சிக்ரி அவள் காலடியில் மண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழமை பட்டணம் போலாம். நான் நிலத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கிறேன். எனக்குப் பின்னாடியே நீங்க நில்லுங்க. நான் நகர்ந்ததும் நீங்க உங்க பேரைச் சொல்லுங்க, நடுவுல யாரும் புகுந்துட முடியாது. கல்யாணம் ஆகிட்டா என் கையெழுத்து செல்லுமோ என்னமோ. தேவைன்னா கல்யாணம் நிக்கட்டும்."

ஆஸ்லாக் வாயைத் திறந்தான். சிக்ரியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பிறகு மிகத் தணிந்த குரலில், "வண்டியை நானே ஓட்டறேன்" என்றான்.

அடுப்பில் மறுபடியும் ஏதோ கருகும் வாசனை. யாரும் எழுந்திருக்கவில்லை. பெர்கித், சிக்ரி தோளிலிருந்த சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; வெளியே கிளம்பிப் போட்டுக்கொண்ட சால்வை, இன்னும் முடிச்சு அவிழ்க்காதது. அதன் நுனியை விரலால் தொட்டாள்.

"மன்னிப்புக் கேக்கத்தானே கிளம்பினே?" என்றாள். "இன்னிக்கு நான் முந்திக்கிட்டு வராம இருந்திருந்தா, இதையெல்லாம் எங்கிட்ட சொல்லியிருப்பியா, இல்லே, நாளைக்குப் பேசாம முழங்கால் போட்டு அப்பத்தை வாங்கியிருப்பியா?"