உறங்கிய ராஜா யாருடைய ராஜா

ஐம்பத்தெட்டில் பாலக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பிலோமின்ராஜ், பள்ளிக்கூட வாத்தியார். ‘காவிரிதாசன்’ என்ற பெயரில் வாரப் பத்திரிகை ஒன்றில் மாயக்கதை எழுதிவந்தார். குடிகளுக்காக உயிரைக் கொடுத்த ராஜா, ஆற்று நடுவே ஒரு தீவில், பாம்பு குடை பிடிக்கக் கிடக்கிறார். எழுந்திருப்பாரா என்பதுதான் கடைசி அத்தியாயம்.

அதை எழுதி முடித்துத் தபாலில் சேர்க்க இருந்த அன்று, ஸ்ரீரங்கத்து வாசகசாலைக் காரியதரிசி சடகோபன் வந்தார். வாராவாரம் அங்கே கதையை உரக்கப் படிப்பவர் அவர்தான். பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த அத்தியாயங்கள் கக்கத்தில். எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்த நாள் கேட்க வந்தாராம். கதவு திறந்ததும் எதிரே திரு இருதய ஆண்டவர் படம். எங்களுக்குப் பொதுச்சுவர் மெல்லிசு. மீதியைக் கேட்கவேண்டியதாயிற்று.

“ஏமாத்திட்டீரே ஓய். பெருமாள்னு நெனச்சுண்டு அத்தனை பேர் எதிர்ல அழுதேன்.”

“நான் சேசுவை நெனச்சு எழுதினேன். உங்களை அழச் சொன்னேனா?”

“உங்க சேசுவுக்குப் பாம்பு ஏது?”

வாத்தியார் மனைவி பாக்கியமேரி அடுப்படியிலிருந்தே சேர்ந்துகொண்டார். “நல்லாக் கேளுங்கய்யா. பாம்புன்னா சாத்தானாச்சேன்னு பங்குச் சாமியார் என்னை நிறுத்திவச்சுக் கேக்குறாரு.”

“ஆத்தங்கரைல பொறந்தவனுக்குப் பாம்புதான் வரும், ஒட்டகமா வரும்?” வாத்தியார் குரல் ஏறியது.

“ராஜா பெருமாள்தான்னு கடைசியில ஒரு வரி எழுதும். இல்லே, உம்ம சொந்தப் பேரைப் போடும். எவன் படிக்கறான்னு பாக்கறேன்.”

பேனா கீறுகிற சத்தம் எனக்கே கேட்டது.

“பேரைப் போட்டாச்சு. அந்த ஒரு வரி உங்களுக்கும் கிடையாது, சாமியாருக்கும் கிடையாது. போயிட்டு வாங்க.”

அத்தியாயம் ‘பிலோமின்ராஜ்’ என்ற பெயரிலேயே வெளிவந்தது. ராஜா எழுந்துவிட்டார். நான் வேறு வேலையாக ஸ்ரீரங்கம் போனேன். அந்த வேலை வாசகசாலை வாசலிலேயே இருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. சடகோபன் எழுதியவர் பெயரை மட்டும் விழுங்கிவிட்டு, மிளகைக் கடித்த முகத்தோடு முழுக்கப் படித்தார். முடித்ததும், அன்று எங்கள் வாசலில் பார்த்த என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

“அந்த மனுஷர்ட்ட சொல்லும். எழுந்தது பெருமாள்தான். யாரை எழுதறோம்னு எழுதினவருக்கே தெரியலை, பாவம்.”

ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். ‘பாவம்’ உட்பட. பிலோமின்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நடந்தார்.

நானும் செருப்பைத் தேடினேன்.