நீலக் கண் மணிகள்

அண்ணிக்குக் கண் மங்கிவருகிறது என்பதைக் கண்ணாடி மணிப் பட்டறையில் முதலில் கண்டுகொண்டவள் நாத்தனார்தான். கண்ணாடிக் குச்சிகளை அண்ணி இப்போதெல்லாம் பார்த்து எடுப்பதில்லை. டப்பாக்களைத் தடவி, இடம் வைத்துத்தான் எடுத்தாள். நாத்தனார் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு, ஆறிய மணிகளின் துளையிலிருந்து களிமண்ணைச் சுரண்டுகிற வேலை. தீக்கு முன்னால் உட்காருவது அண்ணி. களிமண் பூசிய கம்பியில் மஞ்சள் கண்ணாடியை உருக்கிச் சுற்றி, அதன்மேல் வெள்ளைப் புள்ளி, வெள்ளையின் நடுவில் நீலப் புள்ளி என்று அவள் ஒற்றி வைக்கும் கண்களுக்காகவே வியாபாரி கடல் தாண்டி வருவார்.

"எனக்கும் ஒரு தடவை குடுங்க அண்ணி" என்று கேட்டால், அண்ணி எல்லார் எதிரிலும் சிரிப்பாள். "உன் கைக்குச் சுரண்டத்தான் வரும்."

பெரிய ஆர்டர் வந்த அன்று, அண்ணி சாப்பிடப் போன நேரம் பார்த்து, நீலக் குச்சி இருந்த டப்பாவையும் பழுப்புக் குச்சி இருந்த டப்பாவையும் நாத்தனார் இடம் மாற்றி வைத்தாள். குச்சியாக இருக்கையில் இரண்டுமே கருப்பாகத்தான் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் விளங்கும். உருகும்போதோ எல்லாமே ஒரே செந்தணல். அண்ணி மாலைவரை புள்ளி வைத்து, தணல் அடங்குமுன் ஒவ்வொரு மணியையும் சாம்பலில் புதைத்தாள்.

"கை அசந்திருக்கும், தண்ணி குடிங்க" என்று நாத்தனார் டம்ளரை நீட்டினாள். அண்ணி எழுந்து போனதும் டப்பாக்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் வியாபாரி எதிரில் சாம்பலைக் கிளறினார்கள்.

"நீலம் கேட்டேன். இது ரத்தம் கட்டின கண்ணு மாதிரி இருக்கே" என்றார் அவர்.

அண்ணன் இரண்டு குச்சிகளை உருவி மனைவியின் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தான். "எதுடி நீலம்?"

அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டாள். அது பழுப்பு. வியாபாரி சிரித்தார். அவர் சிரித்ததால் அண்ணனும் சிரித்தான்.

"இனிமே நீ உக்காந்து சுரண்டு. தீக்கிட்ட இவ உக்காரட்டும்" என்றான், தங்கையைக் காட்டி.

நாத்தனாருக்கு வயிறு குளிர்ந்தது.

அவள் தீக்கு முன் உட்கார்ந்த முதல் நாளே அண்ணி மணித்தட்டோடு பக்கத்தில் வந்தாள். விரல் நுனியெல்லாம் சுரண்டுகிற கம்பி குத்திய காயம்.

"என் கண்ணைப் பத்தி உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

நாத்தனாரின் கை நின்றது. கம்பியில் கண்ணாடி தொங்கத் தொடங்கியது.

"தெரிஞ்சும் உங்க அண்ணன்கிட்ட சொல்லாம இருந்தியே. கூடப் பொறந்தவகூட அப்படி இருக்க மாட்டா."

நாத்தனாரின் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. ஒரு நிமிஷம்தான். கம்பியைச் சுழற்றி மணியைச் சரிசெய்து சாம்பலில் செருகினாள்.

"உங்களைக் காட்டிக் குடுப்பேனா அண்ணி" என்றவள், தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்து நீட்டினாள். "இதுல இன்னும் மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க."

மண் எதுவும் இல்லை. அண்ணி அதை இமையில் படுமளவு கிட்டே பிடித்துக்கொண்டு, மறுபடியும் சுரண்டினாள்.